பதினேழாம் நம்பர் ஒட்டிய கரி

ஒச்சம்மாள் யாருடைய முகத்தையும் முதலில் பார்ப்பதில்லை. சட்டைக் கையைப் பார்ப்பாள், பிறகு கழுத்துப்பட்டை, பிறகு கீழ் மடிப்பு. எங்காவது ஒரு நூல் பிசிறு தொங்கினால் அவளுடைய இடது கை தானாக நீளும். பெருவிரல் நகமும் ஆள்காட்டி விரல் நகமும் சேர்ந்து அந்தப் பிசிறைத் துணியோடு ஒட்டினாற்போலப் பிடித்துக்கொள்ளும். இழுக்க மாட்டாள். இழுத்தால் தையல் ஓடிவிடும். அதற்குள் வலது கை இடுப்பிலிருந்து டிரிம்மரை எடுத்திருக்கும். அது கத்தரிக்கோலுக்குத் தம்பி. உள்ளங்கைக்குள் அடங்கும், விரல் நுழைக்க வளையம் கிடையாது, அமுக்கினால் வெட்டும், விட்டால் விரியும். எறும்பு தும்மினாற்போல ஒரு சத்தம். வெட்டிய பிசிறைக் கீழே போடுவதும் இல்லை. விரல் நுனியில் உருட்டி உருண்டையாக்கி இடுப்பு மடிப்பில் செருகிக்கொள்வாள். அதன்பிறகுதான் அந்தச் சட்டைக்குள் இருப்பது யார் என்று நிமிர்ந்து பார்ப்பாள்.

பல்லடம் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆட்கள் இதனால் திடுக்கிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். சொந்தக்காரக் கல்யாணம் ஒன்றில் தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் சட்டை முதுகில் ஒரு பிசிறைக் கண்டுவிட்டு மேடையேறியவள் அவள். இந்தக் கதையை டெம்போக்காரன் ராபின் சொல்லும்போது, டிரிம்மரைப் பார்த்த மாப்பிள்ளை தாலியைப் போட்டுவிட்டு ஓடினான் என்று முடிப்பான். அது பொய். மாப்பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. அவ்வளவு பதமான கை.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்த நாள்முதல் அவளுக்குச் செக்கிங்தான் வேலை. பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனி. நீளமான மேஜை, மேலே டியூப்லைட், இருபுறமும் பெண்கள். தைத்து வரும் துணியை விரித்து, திருப்பி, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து, பிசிறு வெட்டி, சரியென்றால் ஓரத்தில் தன் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டி அடுத்த கைக்குத் தள்ள வேண்டும். ஒச்சம்மாளின் நம்பர் பதினேழு. ஏதாவது குறையோடு ஒரு பீஸ் திரும்பி வந்தால் சூப்பர்வைசர் சாப்பாட்டு நேரத்தில் மைக்கில் அந்த நம்பரைக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எல்லோர் முன்னாலும் ஆபீஸ் ரூமுக்கு நடக்க வேண்டும். அன்றைக்கு அந்தப் பெண்ணின் சோற்றை யாரும் பார்க்க மாட்டார்கள், அவளும் பார்க்க மாட்டாள். பதினேழை மைக் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. ஒச்சம்மாள் இதைப் பெருமையாகச் சொல்வதில்லை. ஆனால் யாராவது மகள் கல்யாணத்தைப் பற்றியோ ஊரில் கட்டிய வீட்டைப் பற்றியோ பேசினால், கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எந்நம்பரு திரும்பி வந்ததில்ல" என்பாள். அவளிடம் சொல்லிக்கொள்ள அதுதான் இருந்தது.

வெளிநாட்டு ஆர்டர் குறைந்துபோன வருடத்தில் அந்த மேஜையில் பாதி விளக்குகளை அணைத்தார்கள். வாரத்தில் சில நாள் மட்டும் வரச் சொன்னார்கள், பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள். அப்போதுதான் ராபின் ஒரு வேலைச் செய்தியோடு அவளிடம் வந்தான். கம்பெனிக்குத் தினமும் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தவன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். சரக்கு இல்லாததால் அவனும் கிடைத்த வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஊருக்கு வடக்கே, குன்னத்தூர் போகிற வழியில், ஏதோ காலேஜ்காரர்கள் மண்ணைத் தோண்டுகிறார்கள் என்றும், கைப்பதமான பெண்கள் வேண்டும் என்கிறார்கள் என்றும் சொன்னான். எதற்குத் தோண்டுகிறார்கள் என்று ஒச்சம்மாள் கேட்டாள். பழைய காலத்து ஆளுங்க வீட்டைத் தேடுறாங்க யக்கா, வாடகை பாக்கி வச்சிட்டுப் போயிட்டாங்களாம் என்றான்.

ஓடைக்கரையில் ஆடுமாடு மேய விட்ட ஒரு கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் சில பனைகள். கயிறு கட்டிச் சதுரம் பிரித்து ஒரு பெரிய குழி. அதை நடத்தியவள் அனுப்பிரியா. பல்லடத்துக்காரப் பெண், அப்பாவுக்குக் கோழிப் பண்ணை, இவள் காலேஜில் ஆராய்ச்சி மாணவி. முறைப்படி அனுமதி வாங்கித்தான் தோண்டிக்கொண்டிருந்தாள். வெயிலில் கறுத்து, பெரிய தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக இருப்பாள். முதல் நாளே ஒச்சம்மாள் அவளுடைய சட்டைக் கையிலிருந்து இரண்டு பிசிறுகளை வெட்டிவிட்டாள். அனுப்பிரியா கையை இழுத்துக்கொள்ளாமல் மற்றக் கையையும் நீட்டினாள். அத்தோடு 'மேடம்' போய் 'பாப்பா' வந்துவிட்டது.

மண்ணைச் சலிப்பது ஒச்சம்மாளுக்குப் பிடித்துப்போயிற்று. சல்லடையில் தங்குவதைப் பார்க்க வேண்டும், ஓட்டுச் சில்லா, மணியா, வெறும் கல்லா என்று பிரிக்க வேண்டும். இதுவும் செக்கிங்தான், லைட்டுக்குப் பதில் வெயில் என்று மாலையில் புருஷன் மொக்கைச்சாமியிடம் சொன்னாள். அவர் ஒரு சாயப்பட்டறையில் வாட்ச்மேன், அதிகம் பேசாதவர். செத்தவன் வீட்டுச் சட்டிய எண்ணுறதுக்குச் சம்பளமா என்று மட்டும் கேட்டார்.

நிலத்துக்காரர் லிங்கசாமி. வேட்டியும் வெள்ளைச் சட்டையும் புல்லட்டுமாகத் தினம் ஒரு தடவை வந்து குழியை எட்டிப் பார்ப்பார். அவருக்குப் பெருமாநல்லூரில் சொந்தமாகப் பனியன் கம்பெனி உண்டு. மகன் தரணீதரனுக்கு நிட்டிங் மெஷின் போட இந்தக் காட்டில்தான் செட் கட்டுவதாக இருந்தார். கல்லும் சிமெண்டும் வேலியோரம் இறங்கியிருந்தன. குழியின் அடியில் செங்கல்லும் களிமண்ணும் சுட்டு இறுகிய ஒரு வட்ட அடுப்பு தென்பட்டபோது அவர்தான் முதலில் சிரித்தவர்.

"கண்ணு, அது எங்க அப்பாரு காலத்துல கருப்பட்டி காச்சுன அடுப்பு. குன்னத்தூர்ச் சந்தைக்கு இங்கிருந்துதான் வண்டி போகும். இதைப் போயி சாமியாட்டம் சுத்திச் சுத்திக் கும்படறியே."

இல்லீங்க மாமா, அதுக்கும் கீழ இருக்கற மண்ணு வேறங்க, இரும்பு உருக்கின கசடு கிடைச்சிருக்குங்க, இது ரொம்பப் பழசுங்க என்று அனுப்பிரியா சொன்னாள். எவ்வளவு பழசு என்பதற்கு அவளிடம் அப்போது பதில் இல்லை. அடுப்புக்குள் கரி கிடைத்தால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி வயசு சொல்ல முடியும் என்றாள். லிங்கசாமி நியாயஸ்தர். மீசையைத் தடவிக்கொண்டே ஒரு பேச்சுக்கு வந்தார்.

"ரிப்போர்ட்டு வரட்டும். ஆயிரம் வருசத்துக்கு மேலன்னா இந்த மூலைய உட்டுப்போட்டு செட்ட அந்தப் பக்கம் தள்ளிக்கறேன். எங்க அப்பாரு காலத்துதுன்னா மூடிப்போட்டு மெஷின் எறக்கிருவேன். அப்பறம் பேச்சு மாறப்படாது."

அனுப்பிரியா சரியென்றாள். அவளுடைய நாலு வருட உழைப்பு அந்த ஒரு சரியில் தொங்கியது. ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு சாம்பிளுக்குத்தான் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது.

கரி கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். அடுப்பின் அடிவயிற்றில், கசடுக்கு அடியில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டும் அதைச் சுற்றிச் சில சின்னத் துண்டுகளும். அனுப்பிரியா மூச்சை அடக்கிக்கொண்டு படம் எடுத்தாள், அளவு எடுத்தாள். எடுப்பதற்குக் குனிந்த நேரத்தில் லிங்கசாமியின் ஆட்கள் வேலியோரக் கயிறுகளைப் பிடுங்கிக் கல் அடுக்குகிறார்கள் என்று சத்தம் கேட்டது. கரண்டியையும் அலுமினியத் தாளையும் ஒச்சம்மாளின் கையில் கொடுத்துவிட்டு, இதைப் பத்திரமாப் பொட்டலம் கட்டி வைங்க்கா என்று சொல்லி ஓடினாள். எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை.

சாம்பிள் என்றால் ஒச்சம்மாளுக்குத் தெரியும். திருப்பூரில் சாம்பிள் என்ற சொல்லுக்கு இருக்கிற மரியாதை சாமிக்குக் கிடையாது. வெளியூருக்குப் போகிற சாம்பிளில் தூசு இருக்கலாமா? அந்தப் பெரிய துண்டில் மண் அப்பியிருந்தது, மயிரிழை போன்ற வேர் ஒன்று ஒட்டியிருந்தது. கையால் எடுத்தாள். ஊதினாள். பையிலிருந்து பனியன் வேஸ்ட்டை எடுத்தாள். கட்டிங்கில் விழும் துண்டுத் துணி. அந்த ஊரில் மெஷின் துடைப்பதும் வண்டி துடைப்பதும் அடுப்படி துடைப்பதும் அதால்தான். கலர்த் துணி சாயம் விடும் என்று பார்த்துப் பொறுக்கி, புத்தம் புது வெள்ளைத் துண்டாக எடுத்தாள். கரி மினுமினுக்கும் வரை துடைத்தாள். வழியில் உடையக்கூடாதே என்று இன்னொரு வெள்ளைத் துண்டில் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாளை மடித்தாள். பார்க்க அழகாக இருந்தது.

மீதிச் சின்னத் துண்டுகளை அவள் துடைக்கவில்லை. அவை கவுண்டர் சாம்பிள். கம்பெனியிலிருந்து ஒரு சாம்பிள், சரக்கு வாங்கும் பையருக்குப் போனால் அதன் ஜோடி ஒன்று கம்பெனியிலேயே இருக்கும். நாளைக்கு வழக்கு வந்தால் எடுத்துக் காட்ட. அதை யாரும் உடுத்திப் பார்ப்பதில்லை, இஸ்திரி போடுவதில்லை, கைபடத் தொடுவதுகூட இல்லை. இருந்த நிலையில் மூட வேண்டும். ஒச்சம்மாள் கரண்டியை அடியில் கொடுத்து, மண்கட்டியோடு சேர்த்து அந்தத் துண்டுகளைத் தூக்கி, அலுமினியத் தாளில் அப்படியே வைத்து மூடினாள். கழுவிக் காயவைத்திருந்த தன் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, கொட்டகையின் இரும்புப் பெட்டிக்குள் வைத்தாள். இதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கவுண்டர் சாம்பிள் வைத்தேன் என்று யாராவது வந்து சொல்வார்களா?

அனுப்பிரியா வேலியோரச் சண்டையைத் தீர்த்துவிட்டுத் திரும்பியபோது கூரியர் போகும் நேரம். அலுமினியப் பொட்டலத்தை வாங்கினாள், உறையில் போட்டு மூடினாள், ராபினிடம் கொடுத்தாள். யக்கா, இஸ்திரிக்காரன் கொட்டிட்டுப் போற கரிக்கு இம்புட்டு மருவாதியா என்று கேட்டுக்கொண்டே அவன் வண்டியை எடுத்தான்.

மறுநாள் காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். அனுப்பிரியா குழியின் விளிம்பில் நின்று அவர்களுக்கு விளக்கினாள். பக்கத்தில் ஒச்சம்மாள் மண் சலித்துக்கொண்டிருந்தாள். மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து ஒருவகைக் கரியை எடுத்துக்கொண்டே இருக்கும். வெட்டிய அன்றைக்கு வரத்து நின்றுவிடும். குடோனுக்குப் புதுச் சரக்கு வராமல் இருக்கிற இருப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற மாதிரி. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தால் குடோன் எப்போது பூட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். ஒச்சம்மாளுக்கு இது புரிந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு அனுப்பிரியா சொன்னாள்:

"அதனாலதான் கை படக்கூடாது, பேப்பர் படக்கூடாது, முக்கியமாப் பஞ்சு, நூல் படவே கூடாதுங்க. இந்த ஊர்ல காத்துலயே பஞ்சு பறக்குது. பருத்தி போன வருசம் வெளைஞ்சது. ஒரு இழை உள்ள போனாலும் பழைய குடோன்ல புதுச் சரக்கு எறக்குன மாதிரி."

சல்லடை நின்றது. ஒச்சம்மாள் தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் கரி இன்னும் போகவில்லை.

அன்று அவள் சொல்லவில்லை. பிள்ளைகள் சுற்றி நின்றார்கள், அது ஒரு காரணம். மைக்கில் கூப்பிடுவதற்கு முன்னால் யாரும் எழுந்து போனதை அவள் பார்த்ததில்லை, அது இன்னொரு காரணம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பு வைத்தாள், உப்புப் போட மறந்தாள். மொக்கைச்சாமி ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சொன்னாள். அவர் உப்பு டப்பாவை எடுத்துத் தானே போட்டுக்கொண்டு நிதானமாகப் பிசைந்தார்.

"அதுல ஒன் நம்பரா ஒட்டியிருக்கு? எவனுக்குத் தெரியப்போவுது? பேசாமச் சோத்தத் தின்னு."

அவர் சொன்னது அன்பால்தான். ஆனால் அந்த வார்த்தைதான் அவளைச் சாப்பிட விடவில்லை. நம்பர் ஒட்டாத பீஸ் ஒன்றை அவள் தன் கையிலிருந்து அடுத்த கைக்குத் தள்ளியது அதுதான் முதல் தடவை. கரி பொய் சொன்னால் அந்த மூலையில் மெஷின் இறங்கும். அனுப்பிரியா தொப்பியைக் கழற்றிக்கொண்டு பல்லடத்துக்கு பஸ் ஏறுவாள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. தனக்கு மட்டும் தெரியும். பதினேழு திரும்பி வராமலேயே திரும்பி வந்துவிடும்.

திங்கட்கிழமை அவள் போனபோது குழியருகே ஜேசிபி நின்றிருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லிங்கசாமியும் அனுப்பிரியாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். சண்டை எதுவும் இல்லை. சாம்பிள்தான் போய்விட்டதே, மழை வேறு வரும்போல இருக்கிறது, ரிப்போர்ட் வரும்வரை குழியை மண்போட்டு மூடிவைத்தால் அடுப்புக்கும் நல்லது, மாடு கன்று விழாமலும் இருக்கும் என்று அவர் சொல்ல, அவளும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஜேசிபி கை தூக்கியது.

ஒச்சம்மாள் செருப்பைக் கழற்றாமல் குழியின் விளிம்பு வரை போனாள். குழியருகே செருப்போடு அவள் வந்ததே இல்லை.

"வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க பாப்பா."

அனுப்பிரியா திரும்பினாள். லிங்கசாமி கையைக் காட்ட, எஞ்சின் அடங்கியது. திடீரென்று வந்த அமைதியில் ஒச்சம்மாளின் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

"அந்தக் கரிய நாந்தேன் தொடச்சேன். பனியன் வேஸ்ட்டு வச்சுத் தொடச்சு, பனியன் வேஸ்ட்டுலயே சுத்தித்தேன் தாளுக்குள்ள வச்சேன். வெள்ளத் துணிதேன். ஆனா துணிதேன்."

அனுப்பிரியா அப்படியே மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை. நான் சொல்லாம ஓடுனது என் தப்புங்க்கா என்றாள்.  குழியை எட்டிப் பார்த்தாள். அடுப்பில் சாம்பலும் கசடும்தான் இருந்தன. கரியாக இருந்ததெல்லாம் வழித்தெடுத்தாகிவிட்டது.

லிங்கசாமி தொண்டையைச் செருமினார். "அப்ப அந்த ரிப்போர்ட்டு என்ன வந்தாலும் செல்லாதே கண்ணு. பழசுன்னு வந்தாலும் நாளைக்கு எவனாச்சும் கேப்பான். நானே கேப்பேன்."

உண்மைதான் மாமா, கேட்டா எங்கிட்டப் பதில் இல்லீங்க என்றாள் அனுப்பிரியா.

ஒச்சம்மாளுக்கு இந்த இரண்டு பேரும் ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்று புரியவில்லை. தன் தப்பு பெரிய தப்புதான். அதற்கு என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு சாம்பிள் கெட்டுப்போனால் உலகத்தில் வேறு வழியே இல்லையா?

"அதுக்குத்தேன் கவுண்டர் சாம்பிள் இருக்குல்ல" என்றாள்.

அனுப்பிரியா விழித்தாள். அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. லிங்கசாமிக்குத் தெரியும். அவர் ஒச்சம்மாளை அன்றுதான் முழுதாகத் திரும்பிப் பார்த்தார்.

"கவுண்டர் சாம்பிள் வெச்சிருக்கீங்களா?" இத்தனை நாளும் ஏம்மா, வாம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வைக்காமயா ஒன்ன வெளிய அனுப்புவோம்?"

"கை பட்டுதுங்களா?"

"கவுண்டர் சாம்பிள யாராச்சும் தொடுவாகளா? மண்ணோட கரண்டில அள்ளி மூடிட்டேன். அழுக்கு அப்படியே கெடக்கு."

இரும்புப் பெட்டியைத் திறந்தார்கள். எவர்சில்வர் டப்பா. அதற்குள் மடித்த மடிப்புக் கலையாமல் அலுமினியத் தாள். அனுப்பிரியா கையை நீட்டினாள், உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். லிங்கசாமி அவளையும் தொட விடவில்லை. இதற்கு ஒரு முறை இருக்கிறது என்றார். முன்னொரு வருடம் அனுப்பிய சரக்குக் கலர் மங்கிவிட்டது என்று பையர் திருப்பியடிக்கப் பார்த்ததையும், இரண்டு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து கவுண்டர் சாம்பிளைப் பிரித்ததையும், கம்பெனி பிழைத்ததையும் சொன்னார். சண்டைக்காரங்க ரெண்டு பேரும் சேர்ந்து சீல் வெச்சாத்தான் அது சாம்பிளு, ஒருத்தர் வெச்சா அது பொட்டலம் என்றார்.

அப்படியே செய்தார்கள். தாளைப் பிரிக்காமல் டப்பாவோடு ஒரு தடித்த உறையில் வைத்து, வாயை டேப் போட்டு மூடி, டேப்பின்மேல் பாதியும் உறையின்மேல் பாதியுமாக லிங்கசாமி கையெழுத்துப் போட்டார். அனுப்பிரியா போட்டாள். ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்து, முதலில் வந்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், துணி பட்டுவிட்டது, அதற்குப் பதில் வேறொன்று வருகிறது என்று சொன்னாள். ராபின் உறையை வாங்கக் கை நீட்டியபோது, இருடா என்றாள் ஒச்சம்மாள்.

சுருக்குப்பையை அவிழ்த்தாள். வெற்றிலைக்கும் பஸ் டிக்கெட்டுகளுக்கும் நடுவிலிருந்து ஒரு ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். விளக்கு அணைத்த அன்று மேஜையிலிருந்து கொண்டுவந்தது. வெளிக் கவருலதான ஒட்டுறேன், ஒட்டலாமா பாப்பா என்று கேட்டாள். அனுப்பிரியா, ஒட்டுங்க்கா என்றாள். நகத்தால் ஒன்றைக் கிள்ளி, உறையின் ஓரத்தில், பனியனில் எந்த இடத்தில் ஒட்டுவாளோ அந்த இடத்தில், வட்டமான பதினேழை ஒட்டிப் பெருவிரலால் அழுத்தினாள். ராபின் இந்தத் தடவை இரண்டு கையையும் நீட்டினான். வாங்கிக்கொண்டு போனான்.

ஜேசிபி குழியை மூடியது. லிங்கசாமி கட்டட வேலையை நிறுத்திவைத்தார். தரணீதரன் முணுமுணுத்தான், மெஷின் வந்து நிற்கிறது என்றான். வார்த்தை கொடுத்தாச்சு என்று அப்பா சொல்லிவிட்டார். மழை வந்தது. மண்மேட்டில் கோரை முளைத்தது. அதற்குள் எங்கிருந்தோ ஆர்டர் கொஞ்சம் திரும்பி வந்து, பெருமாநல்லூர் கம்பெனியின் செக்கிங் மேஜையில் மறுபடி விளக்குகள் எரிந்தன. ஒச்சம்மாளைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள். சாப்பாட்டு நேரத்தில் மைக் கரகரத்தால் மட்டும் அவள் கை ஒரு நொடி நின்றது. முன்பெல்லாம் அப்படி நின்றதில்லை.

ராபின் செய்தி கொண்டுவந்தது ஒரு டீ நேரத்தில். கேட்டுக்கு வெளியே டெம்போவை நிறுத்திவிட்டுக் கம்பி வழியாகக் கூப்பிட்டான். அவள் வந்ததும் முதலில் அவனுடைய காலரிலிருந்து ஒரு பிசிறை வெட்டினாள். கம்பி இடுக்கில் கழுத்தைக் கொடுத்துக்கொண்டே அவன் சொன்னான், ரிப்போர்ட் வந்துவிட்டது, இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலே. லிங்கசாமி செட்டை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார், மூலையைச் சுற்றிக் கம்பி போட்டாகிவிட்டது, அனுப்பிரியாவுக்கு அடுத்த வருடமும் தோண்ட அனுமதி. பெரியவர் தோற்றதாக மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியும் இங்க கருப்பட்டிதான் காச்சியிருப்பாங்க என்கிறாராம்.

ஒச்சம்மாள் பிசிறை உருட்டினாள். "எந்நம்பரு?"

"ஒன் நம்பரு திரும்பி வரல யக்கா."

அவள் உருண்டையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். டீ ஆறியிருந்தது.

முதல் பொட்டலத்துக்கு என்ன ஆனது என்பது அனுப்பிரியா பின்னால் அந்த ஆய்வுக்கூடத்துக்கு நேரில் போனபோதுதான் தெரியவந்தது. அங்கே எந்தச் சாம்பிளும் நேராக மெஷினுக்குப் போவதில்லை. அமிலத்தில் கழுவுவதற்கும் முன்னால் அது போவது, நீளமான ஒரு மேஜையில், விளக்குக்கு அடியில், கையில் மெல்லிய இடுக்கியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம். வேரோ மயிரோ இழையோ ஒட்டியிருந்தால் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து ஒவ்வொன்றாக எடுப்பதுதான் அவளுக்கு நாள் முழுக்க வேலை. கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று போன் வந்தபோது, சனிக்கிழமையே அங்கே வந்துவிட்டிருந்த, ஒச்சம்மாள் துடைத்த கரியிலிருந்து அவள் வெள்ளைப் பிசிறுகளை எல்லாம் எடுத்து முடித்திருந்தாள். எடுத்தது வீணாக வேண்டாம் என்று அதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். இரண்டு கரிக்கும் ஒரே வயதுதான் வந்திருந்தது.